நாய்க்கடியிலிருந்து தலைவர் உரைக்கு

நகரப் பொதுநல வாரியத்தின் இணையதளம் ஒரு செவ்வாய்க்கிழமை புது முகவரிக்குக் குடிபோனது. பழைய முகவரி எட்டே எழுத்து. அதில் வாரியத்தின் கம்பீரம் தெரியவில்லை என்பது தலைவரின் நெடுநாள் குறை. புதிய முகவரியில் வாரியத்தின் முழுப் பெயரும் இருந்தது. பிழையில்லாமல் அதை அடித்து முடிக்க நல்ல கண்பார்வையும் குறைந்தது மூன்று முயற்சிகளும் தேவைப்பட்டன. முகவரி மாறிய செய்தியைப் பொதுமக்களுக்கு முறைப்படி அறிவித்தார்கள். அறிவிப்பு புதிய முகவரியில் வெளியானது.

இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவரை வாரியத்தில் எல்லோரும் 'லிங்க்' என்று கூப்பிட்டார்கள். யாருக்கு எது வேண்டுமானாலும் "லிங்க் அனுப்புங்க" என்றே கேட்டுக் கேட்டு, அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. நாற்பது வயது. மூன்றாம் மாடியில், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறையில், கால் உடையாத ஒரு நாற்காலி அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

பழைய தளத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அவற்றில் மக்கள் உண்மையிலேயே தேடி வந்து பார்த்தது ஒன்றைத்தான்: 'நாய்க்கடி ஊசி: எங்கே, எப்போது'. மற்ற அறுநூற்றுப் பதினொன்றையும் பார்த்தவர்கள் பெரும்பாலும் அவற்றை எழுதியவர்கள்.

அந்த ஊசி அறையின் நர்ஸ், லிங்கின் சொந்த அக்கா. அறை மூன்றாம் கட்டடத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஜெனரேட்டருக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வண்ணம் பூசக் கழற்றிக்கொண்டு போன பலகை ஆறு வருடமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கடிபட்டவர்கள் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த படத்தைப் பார்த்து, தொட்டியைச் சுற்றி வந்து சேர்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர்.

புதன்கிழமை காலையிலேயே அக்கா போன் செய்தாள்.

"டேய், வெப்சைட்டை மாத்திட்டீங்களாமே? என் பக்கம் என்னாச்சு?"

"பத்திரமா இருக்கு அக்கா. புது அட்ரஸ்ல."

"புது அட்ரஸ் யாருக்குடா தெரியும்? கால்ல ரத்தம் ஒழுக நிக்கிறவன் உங்க வாரியத்தோட பேரை எழுத்துக்கூட்டி அடிச்சிட்டிருப்பானா? பழசைத் தொட்டா தானா புதுசுக்குப் போகணும். அதுக்கு வழி இல்லையா?"

"இருக்கு அக்கா. ரீடைரக்ட்னு பேரு. ஒரே வரிதான். மத்தியானத்துக்குள்ள போட்டுடறேன்."

"போட்டுட்டுச் சாப்பிடு."

லிங்க் அன்று சாப்பிட்டார். அந்த ஒரு வரியைப் போட ஒரு மாதம் ஆனது. அதுவரை பழைய தளத்தை அணைக்காமல் விட்டுவைத்தார்.

வாரியத்தில் எதற்கும் படிவம் உண்டு. 'வழிமாற்றம்' என்ற தலைப்பில் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது. எந்தக் காலத்திலோ சாலைப் பிரிவு வாரியத்தோடு ஒட்டியிருந்தபோது அச்சடித்தது. மூடப்படும் பாதை, மாற்றுப் பாதை ஆகிய இரண்டு கட்டங்களையும் லிங்க் சுலபமாக நிரப்பிவிட்டார். அடுத்த கட்டம், 'வெட்டப்படும் குழியின் ஆழம்'. லிங்க் 'பொருந்தாது' என்று எழுதினார். நான்கு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "பொருந்தாது என்பது ஓர் ஆழம் அல்ல." லிங்க் அதை அடித்துவிட்டு 'பூஜ்யம் அடி' என்று எழுதினார். உடனே ஏற்றுக்கொண்டார்கள். 'சிவப்புக் கொடிகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில், பாதுகாப்பை முன்னிட்டு, இரண்டு என்று அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

கொடிகள் வந்து சேர்ந்தன. லிங்க் அவற்றைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு குழு கூடியது.

குழுவுக்குத் துணை இயக்குநர் தலைமை. எந்த முடிவையும் எடுக்காமலேயே முப்பது வருடம் பணியாற்றி, அந்த அனுபவத்துக்காக எல்லாக் குழுக்களுக்கும் தலைமை தாங்கியவர். அவருக்கு வலப்புறம் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோடு அவருக்கிருந்த தொடர்பு, தலைவரின் புகைப்படத்தை மக்களுக்கு அனுப்புவது. இடப்புறம் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட தேடுபொறி நிபுணர். முழுக்கைச் சட்டை, சிறு தாடி, கையில் சிவப்பு ஒளி அடிக்கும் பேனா. அந்த ஒளியைச் சுவரில் பாய்ச்சித் தொடங்கினார்.

"ரீடைரக்ட் என்பது வெறும் தொழில்நுட்பம் இல்லைங்க. அது ஒரு பயணம். பயனாளியின் பயணம். நாம அந்தப் பயணத்துல ஒரு கதை சொல்றோம்."

துணை இயக்குநர் தலையாட்டினார். புரியாத விஷயத்துக்கு அவர் இரண்டு முறை தலையாட்டுவது வழக்கம். இப்போது மூன்று முறை ஆட்டினார்.

"லிங்க், நீங்க சொல்லுங்க. சுருக்கமா."

"சார், ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நிரந்தரம். 'இந்தப் பக்கம் வீடு மாறிடுச்சு, பழைய விலாசத்துக்கு இருந்த நல்ல பேரையெல்லாம் புதுசுக்கு மாத்திக்கோ'ன்னு தேடுபொறிக்குச் சொல்றது. இன்னொண்ணு தற்காலிகம். 'கொஞ்ச நாளைக்கு அங்க போ, ஆனா பழசை மறந்துடாதே'ன்னு சொல்றது. நம்ம பழைய முகவரி திரும்பி வரப்போறதில்லை. அதனால ஒவ்வொரு பழைய பக்கத்தையும், அதே விஷயம் இருக்கிற புதுப் பக்கத்துக்கு நிரந்தரமா அனுப்பிடலாம். பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்."

பட்டியல் பதினெட்டுத் தாள். துணை இயக்குநர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை?"

"அறுநூத்திப் பன்னிரண்டு சார்."

"அறுநூத்திப் பன்னிரண்டு முடிவா?" துணை இயக்குநருக்கு வியர்த்தது. "ஒரு முடிவுக்கே மூணு கையெழுத்து வேணும். என்ன சார் விளையாடறீங்களா?"

மக்கள் தொடர்பு அதிகாரி கைகொடுத்தார். "எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு அனுப்பிட்டா ஒரே முடிவுதானே? ஒரு வீட்டுக்குப் போறோம். முதல்ல யாரைப் பாக்கறோம்? வீட்டுப் பெரியவரை. 'தலைவர் உரை'ன்னு ஒரு அருமையான பக்கம் இருக்கு. போன வருஷம் முழுக்க அதைப் பாத்தது பதினோரு பேர். எனக்கு மனசு எவ்வளவு வேதனையா இருக்கு தெரியுமா? யாரு எங்கேருந்து வந்தாலும் முதல்ல தலைவர் கண்ணுல படட்டும். அப்புறம் மெதுவா மெனுவைத் தேடி, 'சேவைகள்', அதுக்குள்ள 'பிற', அதுக்குள்ள 'இன்ன பிற'ன்னு போய்ப் பாத்துக்கட்டும்."

"சார், நாய் கடிச்சவங்க வர்ற பக்கம் ஒண்ணு இருக்கு" என்றார் லிங்க். "அவங்களுக்கு அவ்வளவு நேரம்..."

"நாய் கடிச்சவங்களுக்கும் நாலு ஆறுதல் வார்த்தை வேணும் இல்லையா?"

நிபுணர் சிவப்பு ஒளியைக் கூரையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அறுநூறு ஓடையும் ஒரே கடல்ல கலக்குது. எனக்கு இந்தக் கதை பிடிச்சிருக்கு."

நிரந்தரமா தற்காலிகமா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. விபரீதமான இந்த ஏற்பாட்டைப் பின்னால் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று, தற்காலிகமாகப் போடலாம் என்றார் லிங்க்.

"தலைவர் பேருக்குப் பக்கத்துல 'தற்காலிகம்'னு ஒரு சொல்லு வரலாமா?" மக்கள் தொடர்பு அதிகாரியின் குரல் தாழ்ந்திருந்தது. "கோப்பு அவர் மேசைக்குப் போகும் சார். 'தலைவர், தற்காலிகம்'னு படிப்பார். அடுத்த வருஷம் அவர் பதவிக்காலம் வேற முடியுது. நான் கொண்டுபோய் வைக்க மாட்டேன்."

துணை இயக்குநரும் வைக்க மாட்டார். நிபுணருக்குத் தலைவரின் அறை எங்கே என்று தெரியாது. எனவே அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் தலைவர் உரைக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்படலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. தீர்மானத்தை லிங்க் தன் கையாலேயே அமல்படுத்தினார். உண்மையில் ஒரே வரிதான்.

தலைவர் உரை "அன்பார்ந்த பெருமக்களே, பொதுநலம் என்பது யாது?" என்று தொடங்கிப் பதினான்கு பத்திகள் ஓடும். கேள்விக்குப் பதில் கடைசி வரை வராது. மேலே தலைவரின் படம். கன்னத்தில் ஒரு விரல் ஊன்றி, சற்றுத் தொலைவில் எதையோ பார்த்து யோசித்துக்கொண்டிருப்பார்.

ஒரே வாரத்தில் ஊசி அறைக் கூட்டம் நாற்பதிலிருந்து ஏழாகக் குறைந்தது. அந்த ஏழு பேரும் ஏற்கெனவே ஒரு முறை நாய் கடித்து வழி தெரிந்தவர்கள்.

"ஊர்ல நாயெல்லாம் செத்துப்போச்சாடா?" என்று கேட்டாள் அக்கா. மதிய இடைவேளையில் லிங்க் ஊசி அறைக்கே வந்திருந்தார். "நேத்து சாயங்காலம் தெருமுனையில ஏழு நாய் பாத்தேன். ஒண்ணு என்னையே முறைச்சுது."

அப்போது ஒரு கூரியர்காரர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்தார். கெண்டைக்காலில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. அக்கா அவிழ்த்துப் பார்த்தாள்.

"எப்ப கடிச்சுது?"

"முந்தாநாள் சிஸ்டர்."

"முந்தாநாளா? இது என்ன வெள்ளையா?"

"பற்பசை. எரியாம இருக்கும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

"பல்லு கடிச்ச இடத்துல பற்பசையா? நல்லா இருக்குய்யா! கடிச்ச உடனே வர வேண்டாம்? இது உசிர் விஷயம். நாளைக் கடத்திட்டு, அப்புறம் வந்து அழுதா எந்த ஊசியும் கேக்காது."

"தேடினேன் சிஸ்டர். நாய்க்கடி ஊசின்னு போட்டேன். ஒரு பெரியவர் படம் வந்துச்சு, கீழே ஏதோ எழுதியிருந்துச்சு. கடைசியிலயாவது அட்ரஸ் இருக்கும்னு முழுசாப் படிச்சேன்."

"முழுசாவா?" என்று லிங்க் நிமிர்ந்தார்.

"ரெண்டு தடவை. புரியலை. வீட்டுக்காரிகிட்டயும் படிக்கக் கொடுத்தேன். இவர் நாயை வளர்க்கச் சொல்றாரா, வேண்டாங்கறாரான்னு கேட்டா."

அக்கா குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு, அவர் காலைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீரின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக்கொண்டாள். "இவர் தப்பிச்சார். விசாரிச்சு விசாரிச்சு வந்துட்டார். வராதவங்க எத்தனை பேர்டா? ஒரு நாளைக்கு முப்பத்திமூணு பேர் எங்க போறாங்க? பற்பசை தடவிக்கிட்டு உக்காந்திருக்காங்களா?"

லிங்க் மூன்றாம் மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் கேட்காமல், நாய்க்கடிப் பக்கத்தை மட்டும் எடுத்துப் புதிய நாய்க்கடிப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்.

மறுநாள் ஊசி அறையில் இருபத்தாறு பேர். அதே நாள் தலைவர் உரையைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்திலிருந்து நூற்று முப்பதாகச் சரிந்தது. ஊசி அறையின் எண்ணிக்கையை எழுதுவதற்கு ஒரு நோட்டு இருந்தது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. தலைவர் உரையின் எண்ணிக்கையை மக்கள் தொடர்பு அதிகாரி மணிக்கு ஒரு முறை பார்த்துவந்தார். முற்பகல் பதினோரு மணிக்கு அவர் கணினியை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். நான்கு மணிக்கு லிங்குக்கு மெமோ வந்தது.

"நாய்க்கடிக்கு ஆளானோரைத் தாங்கள் தன்னிச்சையாக நாய்க்கடி ஊசிப் பக்கத்துக்கு அனுப்பிவைத்தது கவனத்துக்கு வந்துள்ளது. இச்செயலுக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்."

லிங்க் உடனே விளக்கினார்: "அவர்களை நாய் கடித்திருந்தது."

பதில் வந்தது: "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. தாங்கள் கூறும் காரணம் நாயின் தரப்பைச் சார்ந்தது. வாரியத்தின் தரப்பைச் சார்ந்ததல்ல. பழைய நிலை உடனடியாக மீட்கப்பட வேண்டும்." அன்று மாலையே லிங்க் அந்தப் பக்கத்தை மறுபடி தலைவர் உரைக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. இணையதளத்தின் கடவுச்சொல் அன்றே துணை இயக்குநரின் அலமாரிக்குப் போனது. அலமாரிச் சாவியைத் துணை இயக்குநர் எங்கேயோ வைத்துவிட்டார். அதைத் தேட ஒரு வாரமானது.

இதற்கிடையே தேடுபொறி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடங்கள், மருந்துக் கடைகள், கால்நடை மருத்துவர்கள் என்று ஊரில் எத்தனையோ பேர் தங்கள் பக்கங்களில் 'நாய்க்கடியா? இங்கே பாருங்கள்' என்று பழைய பக்கத்தைக் கைகாட்டி வைத்திருந்தார்கள். அத்தனை கைகளும் இப்போது தலைவரைக் காட்டின. தேடுபொறி ஓர் இயந்திரம். அதற்குக் கிண்டல் தெரியாது. இத்தனை பேர் நாய்க்கடி என்று சொல்லி இந்த மனிதரைக் காட்டுகிறார்கள் என்றால் அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. விரைவில், 'நாய்க்கடி' என்று அடித்தால் எல்லாவற்றுக்கும் மேலே, கன்னத்தில் விரல் ஊன்றிய தலைவர் வந்து நின்றார். 'நாய் கடித்தால் என்ன ஆகும்' என்று அடித்தாலும் அவரே வந்தார்.

மக்கள் தொடர்பு அதிகாரி இந்தச் செய்தியைத் தலைவரிடம் தானே நேரில் கொண்டுபோனார்.

"ஐயா, தேடுபொறியில நீங்கதான் முதலிடம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதலிடமா? எந்தச் சொல்லுக்கு?"

"மக்கள் அதிகமாத் தேடற சொல்லுக்கு ஐயா."

தலைவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மக்கள் அதிகமாகத் தேடும் சொல் என்னவாக இருக்கும் என்று அவருக்கே ஓர் ஊகம் இருந்தது; அடக்கத்தால் வெளியே சொல்லவில்லை.

ஆண்டறிக்கை தயாரானது. ஊசி அறை நோட்டை அப்போதுதான் முதல் முறையாக ஒருவர் திறந்து பார்த்தார். நாற்பது, ஏழாகியிருந்தது. வாரிய எல்லைக்குள் நாய்க்கடி எண்பத்திரண்டு சதவீதம் குறைந்துவிட்டது என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் இருபத்தாறு என்று இருந்ததை எழுத்துப்பிழை என்று ஒதுக்கினார்கள். உடனே பாராட்டு விழா ஏற்பாடானது. கேடயம் வாங்கிக்கொண்டு தலைவர் பேசினார்.

"இந்தச் சாதனைக்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்லமாட்டேன். என் பங்கு தொண்ணூறு சதவீதம் இருக்கலாம். நான் பொறுப்பேற்ற நாள் முதலாக இந்த நகரத்து நாய்களின் மனப்போக்கில் ஒரு மாற்றம் தெரிகிறது. நான் ஒரு நாயைக்கூட அடித்தவனில்லை, விரட்டியவனில்லை. ஓர் உரை எழுதினேன். அவ்வளவுதான். நல்லெண்ணம் பரவும்போது அது நாய்களையும் சென்று சேரும்."

கைதட்டல் ஓய்ந்ததும் துணை இயக்குநர் எழுந்து அடுத்த அறிவிப்பைப் படித்தார். கடிபடுவோர் இல்லாத நிலையில் ஊசி அறை தேவையற்றதாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி அந்த அறை 'தலைவர் உரைப் பார்வையாளர் எண்ணிக்கைக் கண்காணிப்பு மையம்' ஆகத் திறந்து வைக்கப்படும். நர்ஸ், நகரத்தின் மறுகோடியில் உள்ள பதிவேட்டுக் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

அக்கா போனில் கத்தவில்லை. அதுதான் லிங்கைப் பயமுறுத்தியது.

"தம்பி, இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு" என்றாள். கோபம் இல்லாதபோதுதான் அவள் 'தம்பி' என்பாள். கோபத்தைத் தாண்டிப் போய்விட்டபோதும். "என்னை எங்க வேணா மாத்தட்டும். கிடங்குல உக்காந்து காகிதத்துக்கு ஊசி போடறேன். ஆனா இந்த ரூம் போச்சுன்னா, வழி தெரிஞ்சு வர்ற அந்த ஏழு பேரும் எங்கடா போவாங்க? அடுத்த ஊசி அறை ரெண்டு பஸ் மாறிப் போகணும்."

"பாஸ்வேர்டை எப்படியோ வாங்கி நான் அந்த வரியை மாத்தினாலும் மறுபடியும் மெமோ கொடுத்து மாத்திடுவாங்க அக்கா. கூட்டம் அவர் பக்கத்துக்குத்தான் போகணுமாம். அதுல கை வைக்க விடமாட்டாங்க."

"கூட்டத்தைத் திருப்ப முடியாதுன்னா விடு. கூட்டம் போற இடத்துல எதையாவது வைக்க முடியுமா?"

லிங்க் எழுந்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஒரே ஒரு தாளில் ஒரே ஒரு எண்ணை அச்சடித்துக்கொண்டு, தலைவரின் அறைக்குப் போனார்.

அந்த எண் நான்கு.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"ஐயா, உங்க உரைக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேர் வர்றாங்க. ஆனா சராசரியா நாலு செகண்ட்தான் இருக்காங்க. படத்தைப் பாத்ததும் போயிடறாங்க."

தலைவரின் முகம் சுருங்கியது. மக்கள் தொடர்பு அதிகாரி இந்த எண்ணை அவர் கண்ணில் காட்டியதே இல்லை. "நாலு செகண்டா? 'அன்பார்ந்த பெருமக்களே' படிக்கவே ஆறு செகண்ட் ஆகுமே!"

நிபுணரும் மக்கள் தொடர்பு அதிகாரியும் உடனே வரவழைக்கப்பட்டார்கள். படத்தைப் பெரிதாக்கலாம் என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. பெரிதாக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். நான்கு, மூன்றானது. தலைவரின் இளமைக்கால நினைவுகளை மேலே சேர்க்கலாம் என்றார் நிபுணர். பயனாளியின் பயணத்தில் அது ஒரு திருப்பமாக இருக்கும். சேர்த்தார்கள். மூன்று, இரண்டானது. அதற்குள் ஐந்து நாட்கள் போய்விட்டன.

"நீ என்னய்யா சொல்றே?" என்று தலைவர் லிங்கிடம் திரும்பினார். இரண்டு என்ற எண் அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது கண்ணில் தெரிந்தது.

"ஐயா, வர்றவங்க உங்ககிட்ட ஏதோ எதிர்பார்த்து வர்றாங்க. நீங்களே அவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்ற மாதிரி ஆரம்பிச்சா நிப்பாங்க. நேரடியா, உரிமையோட. ஒரு வேலை சொன்னீங்கன்னா அதைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் போனை மூட மாட்டாங்க. குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம்."

"பதினஞ்சு நிமிஷமா!" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன வேலை?"

லிங்க் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதியது.

தலைவர் வாய்விட்டுப் படித்தார். "உங்களை நாய் கடித்துவிட்டதா? பயப்படாதீர்கள். முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வேறு எதையும் தடவாதீர்கள். கழுவியதும், நாளை என்று தள்ளிப்போடாமல், இன்றே நம்முடைய ஊசி அறைக்கு வாருங்கள். மூன்றாம் கட்டடத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நான் இருக்கிறேன்."

"'நான் இருக்கிறேன்' மட்டும் நான் சேர்த்தது ஐயா" என்றார் லிங்க்.

"அதுதான் நல்லா இருக்கு" என்றார் தலைவர். இன்னொரு முறை படித்தார். "என் நடை இதுல அப்படியே வந்திருக்கு. நாய் கடிங்கறது ஒரு உருவகம், இல்லையா? வாழ்க்கையில யாரை நாய் கடிக்கலை?"

லிங்க் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். துணை இயக்குநர் கடவுச்சொல் இருந்த அலமாரியைத் திறந்தார்.

முதல் தேதி வந்தது. கண்காணிப்பு மையத் திறப்பு விழா காலை பத்து மணிக்கு. ஊசி அறை வாசலில் சிவப்பு நாடா கட்டப்பட்டிருந்தது. அக்காவின் பெட்டியும் குடையும் வெளியே ஒரு ஸ்டூலின் மேல் இருந்தன. ஆனால் நாடாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஐம்பத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். காலைத் தூக்கிக்கொண்டு சிலர், கையைப் பிடித்துக்கொண்டு சிலர். அக்கா நாடாவுக்கு மேலே கையை நீட்டி ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைவர் காரிலிருந்து இறங்கியதும் ஐம்பத்து மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். செல்போனைப் பார்த்தார்கள். மறுபடி அவரைப் பார்த்தார்கள்.

"அம்மா! நாய்க்கடி மாமா!" என்று ஒரு சிறுமி வீறிட்டு, தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

துணை இயக்குநர் தலைவரின் காதருகே குனிந்தார். "ஐயா, இது சரியில்லை. நாய்க்கடி கூடிப்போன மாதிரி தெரியுது. குறைஞ்சுடுச்சுன்னு கேடயம் வேற வாங்கிட்டோம். இவங்களைக் கொஞ்சம் கலைஞ்சு போகச் சொல்லி..."

அதற்குள் வரிசையிலிருந்து கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் நொண்டியபடி முன்னால் வந்து தலைவரைக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பதினஞ்சு நிமிஷம் கழுவினேன்யா."

தலைவர் அவரை உற்றுப் பார்த்தார். "என் உரையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்யா. சோப்பும் போட்டேன்."

முப்பத்தைந்து வருடப் பொதுவாழ்வில் தலைவர் நாலாயிரம் உரைகள் ஆற்றியிருந்தார். மரம் நடச் சொன்னார், ஒற்றுமையாக இருக்கச் சொன்னார், விழித்தெழச் சொன்னார். யாராவது ஒருவர் வந்து, நீங்கள் சொன்னதைச் செய்தேன் என்று சொன்னது இதுவே முதல் முறை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் கழுவினேங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "வேற எதையும் தடவலை."

துணை இயக்குநர் மறுபடி குனிந்தார். "ஐயா, நாய்க்கடி..."

"யோவ், நாய்க்கடி கூடலைய்யா" என்றார் தலைவர், கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என் வாசகர்கள் கூடியிருக்காங்க."

அதன் பிறகு எதையும் யாரும் தடுக்க முடியவில்லை. கண்காணிப்பு மையத்தை மூன்றாம் மாடியில் நாற்காலி அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அங்கேயே உத்தரவானது. புகைப்படக்காரர் வந்துவிட்டதால் நாடாவை வெட்டாமல் விட முடியாது. எனவே பத்தொன்பது வருடமாக இயங்கிவந்த ஊசி அறையைத் தலைவர் அன்று புதிதாகத் திறந்து வைத்தார். வாசலில் கல்வெட்டும் வைக்க ஏற்பாடானது. அக்காவின் பெட்டியையும் குடையையும் லிங்க் எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் லிங்க் போய்ப் பார்த்தபோது வரிசை தொட்டியைச் சுற்றி வளைந்து நின்றது. உள்ளே, ஊசி போடும் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், கதவளவுக்குத் தலைவரின் படம் மாட்டியிருந்தது. கன்னத்தில் அதே விரல்.

"இது என்ன அக்கா, இவ்வளவு பெருசா? இடைஞ்சலா இல்லையா?"

"சும்மா இரு. முதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்தது." அக்கா ஊசியில் மருந்தை ஏற்றி, உயர்த்திப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டினாள். "குத்தும்போது வேற எங்கயாவது பாக்கச் சொல்லணும்ல? இத்தனை வருஷமா வெறும் சுவரைக் காட்டிட்டிருந்தேன். இப்ப அவரைப் பாருங்கன்னு சொல்றேன். பாத்ததும் சிரிச்சுடறாங்கடா. அதுக்குள்ள போட்டு முடிச்சுடறேன்."